மஞ்சள் நீர், இருபத்துநாலு பிட்டில்

வேலூரிலேயே அமைதியான இடம்
தோட்டப்பாளையத்தில் நான் வேலை பார்க்கும்
காது சோதனை அறைதான்.
நாலுக்கு நாலு பெட்டி, பஞ்சு அடைத்த சுவர்.
கதவைச் சாத்தினால்
ஊரின் அத்தனை ஹாரனும் செத்துப்போகும்.

சனிக்கிழமை, கடைசி நோயாளியும் போன பிறகு
முஷ்தாக் அனுப்பியதை அதற்குள் கொண்டுபோனேன்.
ஷார்ஜாவில் யாரோ பழைய டேப்பை
இளஞ்சூட்டில் வாட்டி, உயிரோடு உரித்தெடுத்தார்களாம்.
நிமிடத்துக்கு முப்பத்துநாலு எம்பி.
தொண்ணூற்றாறில் மொத்தக் கேசட்டே
முப்பத்துநாலு ரூபாய்.

'குரோம்' என்று பேர் வைத்தோம் எங்களுக்கு.
ராணிப்பேட்டைப் பையன்கள்
வேறெந்த உலோகத்தைச் சொல்வது?
ஆல்பத்துக்கு 'மஞ்சள் நீர்'.
எங்கள் தெருக் கிணற்றில் இறைத்தால் வருகிற நிறம்.
வாலாஜா கடைக்காரர் அட்டையைப் பார்த்துவிட்டு
அம்மன் பாட்டு வரிசையில் அடுக்கினார்.
ஆடி மாதம் பதினொன்று விற்று
பதினொன்றும் திரும்பி வந்தது.
ஒரு அம்மாள் கேசட்டோடு
எலுமிச்சம்பழமும் வைத்துக் கொடுத்தாளாம்,
பேய் புகுந்ததைச் சும்மா தரக்கூடாதென்று.

மெட்ராஸில் ஜெராக்ஸ் எடுத்துப் பின் அடிக்கும்
ஒரு பத்திரிகை நாலு வரி எழுதியது:
டிரம்ஸ் தகர டப்பா.
பேஸ் இருக்கிறதா?
பாடுகிறவர் பக்கத்தில் யாரோ
குக்கர் வைத்திருக்கிறார்கள்.

பேஸ் நான்.

ஹெட்போனை மாட்டினேன்.
முதல் பாட்டு மோசம்.
முன்பு மொத்தமாக மோசம்,
இப்போது தனித்தனியாக மோசம்.
தணிகைவேலின் கிடார் இடப்பக்கம் பிசகுவதும்
அதைப் பிடிக்கப் போன முஷ்தாக்
தாண்டி ஓடிவிடுவதும்
துணி அலசிக் கொடியில் போட்ட மாதிரி தெரிகிறது.
பேஸ் இருக்கிறது.
இல்லாமலே இருந்திருக்கலாம்.

மூன்றாம் பாட்டின் நடுவே
காட்பாடிப் பக்கம் ஒரு கூட்ஸ் வண்டி.
அன்று கெட்ட வார்த்தையில் திட்டினோம் அதை.
எங்களைவிடத் தாளம் தவறாமல் போகிறது,
ஐம்பத்தெட்டுப் பெட்டி.

ஐந்தாம் பாட்டு. ஏசுபாதம்
உறுமுவதற்கு முன் மூச்சை இழுக்கிறான்.
அந்தக் குக்கர்.

டேப் இரைச்சல் என்றுதான்
நாங்களும் சொல்லிக்கொண்டிருந்தோம்.
இரைச்சல் இப்படி மூச்சுக்குக் காத்திருக்காது.
நாலாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம், ஊசி மாதிரி ஒரு விசில்,
இழுக்கும்போது ஏறி, விடும்போது இறங்கி.
நாலாயிரத்தில் என் காதில் பள்ளம்,
என் சார்ட்டை நானே வரைந்திருக்கிறேன்.
ஆகவே பாதியைக் காதால் கேட்டு
மீதியைத் திரையில்
வெள்ளைக் கீற்றாகப் பார்த்தேன்.

மூக்குத் தண்டில் ஓட்டை.
குரோமேட் மூட்டை தூக்கியவர்களுக்கு விழுவது.
பக்கத்து அறை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து
ஒரே வரியில் எழுதும் சங்கதி.
பத்தொன்பது வயது அவனுக்கு. பகல் ஷிப்ட் முடித்து
நகக்கண் மஞ்சளோடு வந்து மைக்கைப் பிடிப்பான்.
பேர் வைத்தது நாங்கள் மூன்று பேர்.
அவன் சிரித்தான், அவ்வளவுதான்.

இப்போது ஆற்காட்டில்
மக்கன்பேடா கடைக் கல்லாவில் இருக்கிறான்.
நெய் கருகினால்
பக்கத்துக் கடைக்காரர்தான் வந்து சொல்ல வேண்டும்.

சத்தத்தைக் கூட்டினேன், ஐந்து டெசிபல், இன்னும் ஐந்து.
நோயாளிகளுக்கு நான் சொல்வதுதான்:
எவ்வளவு சின்னதாக் கேட்டாலும் பட்டனை அழுத்துங்க.
அழுத்தினேன்,
ஒவ்வொரு மூச்சுக்கும்.

கதவு திறந்தது. பெருக்க வந்த சற்குணா.
'வெளிய லைட்டு எரிஞ்சு எரிஞ்சு அணையுது சார்,
உள்ள ஆளே இல்லன்னு நெனச்சேன்.'

ஹெட்போனைக் கழற்றி நீட்டினேன்.
துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
பத்து நொடி கேட்டாள், முகத்தைச் சுளித்து.
'மெஷின் ரிப்பேரா சார்?'
என்றவள், கழற்றாமல்
இன்னும் கொஞ்சம் கேட்டாள்.

'யாருக்கோ மூச்சு வாங்குது.'